தீவு மண்ணில் ஆர்சனிக்: எங்கிருந்து வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு தீவின் மண்ணைச் சோதனைக்கு அனுப்புகிறோம். கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம் இருப்பதாக அறிக்கை வருகிறது. ஆபத்தா, இல்லையா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. இரும்பு மிகுந்த எரிமலைச் செம்மண்ணில் இறுகப் பிடிபட்ட 40 என்றால் பெரும்பாலும் அது அங்கேயே கிடக்கும். பழைய களைக்கொல்லி பீப்பாயைக் கவிழ்த்த இடத்து மணலில் அதே 40 என்றால், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடி நீருக்கு இறங்கும். எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும்போதே எங்கிருந்து வந்தது என்றும் கேட்டாக வேண்டும். மூலம் தெரிந்தால்தான் அது எந்த வடிவில் இருக்கிறது, எந்த ஆழத்தில் இருக்கிறது, எப்போது கிளம்பும் என்பதெல்லாம் பிடிபடும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள் தேவை. பூமியின் மேலோட்டில் சராசரியாகக் கிலோவுக்குச் சுமார் 2 மி.கி. ஆர்சனிக் உண்டு. பசால்ட் என்னும் எரிமலைப் பாறையிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். களிமண் இறுகி உருவான ஷேல் பாறையில் சுமார் 13. சாதாரண மண்ணில் 5 முதல் 10 வரை. கடல்நீரில் லிட்டருக்கு 1.5 முதல் 2 மைக்ரோகிராம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கடல் வண்டலுக்குப் பலரும் எடுத்தாளும் இரண்டு எல்லைகள் 8.2, 70 மி.கி. முதலாவதற்குக் கீழே இருந்தால் அடிமட்ட உயிரினங்களுக்குப் பாதிப்பு அரிது. இரண்டாவதைத் தாண்டினால் பாதிப்பு அடிக்கடி காணப்படும். ஆனால் யாரும் கைவைக்காத எரிமலைத் தீவுகளின் வண்டல்கூட 8.2-ஐ எளிதாகத் தாண்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு அலறுவது சரியல்ல.

தீவுகளைத் தனியாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பெருநிலத்தில் ஓர் ஆறு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். வழியில் சமவெளியும் சதுப்பும் ஏரியும் வண்டலை வாங்கிக்கொள்ளும். தீவின் ஓடைக்கு அந்த நீளம் கிடையாது. மலைச்சரிவில் அரித்த மண் ஒரே மழையில் விரிகுடாவுக்குள் வந்து விழுந்துவிடும். சமதளமான இடமும் குறைவு. அதனால் துறைமுகம், ஆலை, மரக்கிடங்கு, குப்பைமேடு, வீடுகள் எல்லாமே ஒரே கடலோரத் துண்டில் நெருக்கியடித்து நிற்கும். குடிநீரோ உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அந்தப் படலம் கெட்டுப்போனால் பக்கத்து ஊரிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவர வழியில்லை.

பாறையும் வெந்நீரும் தருவது

வெறும் பசால்ட்டில் ஆர்சனிக் குறைவு என்றால் எரிமலைத் தீவு மண்ணில் மட்டும் ஏன் அதிகம்? பாறை சிதையும்போது சோடியம், கால்சியம், சிலிக்கா எல்லாம் மழையில் கரைந்து போய்விடுகின்றன. இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. இரும்பைப் பிடித்துக்கொண்டு ஆர்சனிக்கும் தங்கிவிடுகிறது. ஹவாயில் மனிதக் கை படாத மண்ணிலேயே கிலோவுக்கு 20 மி.கி.க்குச் சற்று மேல்வரை இயல்பு என்று அந்த மாநிலச் சுகாதாரத் துறை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஜமைக்காவில் சுண்ணாம்புப் பாறையின் மேல் படிந்திருக்கும் பாக்சைட் செம்மண்ணிலும் ஆர்சனிக் உலகச் சராசரியைவிடக் கூடுதல்.

இதைவிடப் பல மடங்கு வலிய மூலம் எரிமலை வெந்நீர். ஆழத்தில் சூடேறிய நீர் பாறையிலிருந்து ஆர்சனிக்கை உருவிக்கொண்டு மேலே வருகிறது. பாப்புவா நியூ கினியில் அம்பிட்லே என்றொரு சிறு தீவு இருக்கிறது. அதன் டுட்டும் விரிகுடாவில், பவளப்பாறைகளுக்கு நடுவே, 5 முதல் 10 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகள் பீறிடுகின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ ஆர்சனிக் அங்கே கடலில் சேர்கிறது. ஊற்றுநீரில் லிட்டருக்கு ஆயிரம் மைக்ரோகிராமை நெருங்கும் அளவு. சுற்றியிருக்கும் கடல்நீரைப்போல் ஐந்நூறு மடங்கு. ஆனாலும் அந்த விரிகுடாவில் மீன்களும் பவளமும் வாழ்கின்றன. ஊற்றுநீரில் கரைந்திருக்கும் இரும்பு, ஆக்சிஜன் உள்ள கடல்நீரைத் தொட்டதும் ஆரஞ்சு நிறத் துருவாகி அங்கேயே படிகிறது. கரைந்து வந்த ஆர்சனிக்கின் பெரும்பகுதியை அந்தத் துரு இழுத்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படிவின் எடையில் 6 சதவீதம்வரை ஆர்சனிக் இருப்பது அளக்கப்பட்டிருக்கிறது. நீர் சீக்கிரம் தெளிகிறது, அடியில் வண்டல் கனமாகிறது. தீவு வண்டலில் ஆர்சனிக் சேரும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

கிரேக்கத்தின் மிலோஸ் தீவில், பாலியோகோரி விரிகுடாவின் மணலடியிலும் ஆர்சனிக் மிகுந்த வெந்நீர் கசிகிறது. அங்கே கந்தகம் அதிகம் என்பதால் துருவோடு ஆர்சனிக் சல்ஃபைடும் சேர்ந்து மஞ்சளாகப் படிகிறது. தைவானில் கதையே வேறு. பெய்டோ வெந்நீர் ஊற்றுகளின் நீர் ஓடையாக இறங்கிக் குவாண்டு சமவெளிக்குப் போகிறது. அந்த நீரைத்தான் நெல்வயல்களுக்குப் பாய்ச்சினார்கள். இயற்கை மூலத்தை மனிதர் வெட்டிய வாய்க்கால் வயலில் பரப்பியதால் அங்கே மண்ணில் கிலோவுக்கு 100 மி.கி.யைத் தாண்டிய இடங்கள் உண்டு. இயற்கையா, செயற்கையா என்று இரண்டே பெட்டிகளில் போட்டுப் பிரிக்க முடியாத நிலங்கள் இப்படித்தான் உருவாகின்றன.

மூன்றாவது இயற்கை மூலம் கந்தகம் சேர்ந்த சல்ஃபைடு கனிமங்கள். அவற்றில் ஒன்றான ஆர்சனோபைரைட்டின் எடையில் 46 சதவீதம் ஆர்சனிக். புதைந்து கிடக்கும்வரை அது கல். காற்றும் நீரும் பட்டால் அமிலமாகக் கசியும். சுரங்கம் தோண்டும்போது நடப்பதும் அதுவே, பன்மடங்கு வேகத்தில்.

பிடித்து வைப்பதும் விட்டுவிடுவதும்

இந்த வேதியியல் கொஞ்சம் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. ஆக்சிஜன் இருக்கும் மண்ணில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனேட் வடிவில் இருக்கும். அது எதிர்மின்னூட்டம் கொண்டது. இரும்பு ஆக்சைடுகளின் மேற்பரப்பு நேர்மின்னூட்டம் கொண்டிருக்கும்வரை இரண்டும் இறுக ஒட்டும். அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 8-ஐத் தாண்டத் தாண்ட அந்தப் பிடி தளர்கிறது. அடுத்து, வண்டல் புதைந்து ஆக்சிஜன் தீர்ந்துபோனால், பாக்டீரியாக்கள் இரும்பு ஆக்சைடையே சுவாசத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கும். இரும்பு கரையும், ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் ஆர்சனைட் என்னும் நச்சு மிகுந்த, எளிதில் நகரும் வடிவில் வெளிவரும். அது மேலே ஏறி, ஆக்சிஜன் உள்ள மேற்படலத்தைத் தொட்டதும் மறுபடி இரும்போடு சேர்ந்து படியும். பல விரிகுடாக்களில் வண்டலின் மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் ஆர்சனிக் அதிகமாகத் தெரிவதற்கு இந்தச் சுழற்சி போதும். அதைப் பார்த்து, அண்மையில் யாரோ கழிவு கொட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான பிழை.

கடல் வண்டலில் சல்ஃபேட் தாராளம். ஆக்சிஜன் முற்றிலும் தீர்ந்த ஆழத்தில் அது சல்ஃபைடாக மாறி, இரும்போடு சேர்ந்து பைரைட்டாகும்போது ஆர்சனிக்கையும் உள்ளே பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு ஆக்சிஜன் வராதவரைதான்.

மனிதர் கொண்டுவந்தவை

ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் 1910-கள் முதல் 1940-கள்வரை சோடியம் ஆர்சனைட்டைக் களைக்கொல்லியாகத் தெளித்தார்கள். இப்படிப்பட்ட நிலத்தில் முதலில் பார்க்க வேண்டியது வயலை அல்ல. மருந்தைப் பொடியிலிருந்து கரைத்த கூடம், பீப்பாய் கழுவிய இடம், கரும்பு வண்டிகளுக்கான இருப்புப்பாதையின் ஓரம் ஆகியவற்றில்தான் அளவு உச்சத்தில் இருக்கும். வயலில் அது பரவலாகவும் மெலிதாகவும் கிடக்கும். மருந்துக் கூடத்தில் சில பத்து மீட்டருக்குள் கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் ஏறும். கூடம் இடிந்து, தடயமே இல்லாமல் அதன்மேல் வீடு கட்டப்பட்டிருக்கலாம். பழைய தோட்ட வரைபடம் ஒன்று கையில் இருந்தால் ஐம்பது மாதிரி எடுப்பதற்குச் சமம்.

அதே ஹவாயின் ஹிலோ நகரில் கரும்புச் சக்கையிலிருந்து கேனெக் என்ற பலகை செய்யும் ஆலை 1932 முதல் 1963 வரை இயங்கியது. கரையான் அரிக்காமலிருக்கப் பலகையில் ஆர்சனிக் சேர்த்தார்கள். கழிவுநீர் வாயாகேயா குளத்துக்குப் போனது. ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குளத்தின் வண்டலில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இருந்தது. ஆலை போனாலும் வண்டல் போகவில்லை.

கால்நடைகளின் உண்ணி, பேன் போக்க ஆர்சனிக் கரைசல் நிரப்பிய தொட்டிகள் இன்னொரு பழைய மூலம். ஆடுமாடு வளர்த்த தீவுகள் பலவற்றில், நியூசிலாந்து உட்பட, இவை சிதறிக் கிடக்கின்றன. 10,000 லிட்டர் தொட்டியில் 0.2 சதவீதம் ஆர்சனிக் டிரையாக்சைடு என்று வைத்தால் 20 கிலோ; அதில் ஆர்சனிக் மட்டும் 15 கிலோ. தொட்டியைக் காலி செய்யும்போதெல்லாம் பக்கத்துச் சரிவிலோ குழியிலோ ஊற்றினார்கள். தொட்டியைச் சுற்றி மட்டும் தோண்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினால் சரிவின் கீழே கிடப்பது தப்பிவிடும். நனைந்த விலங்குகள் நின்று சொட்டிய தளத்தையும் விடக்கூடாது.

இன்றும் தொடரும் மூலம் மருந்தேற்றிய மரம். குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றையும் சேர்த்த சி.சி.ஏ. என்ற மரப் பாதுகாப்பு மருந்தை 1930-களில் கண்டுபிடித்தவர் இந்திய அறிவியலாளர் சோந்தி காமேசன். கடலில் நிற்கும் தூண்களுக்கு அது அருமையாக வேலை செய்தது. அதனால் தீவுகளின் படகுத்துறைகளில் அது இல்லாத இடம் குறைவு. இந்த மருந்தின் வகைகளில் ஒன்றான சி வகையில் 34 சதவீதம் ஆர்சனிக் பென்டாக்சைடு. கடல் பயன்பாட்டுக்குக் கன மீட்டருக்கு 40 கிலோ மருந்து ஏற்றினால், அதில் ஏறத்தாழ 9 கிலோ ஆர்சனிக். 30 சென்டிமீட்டர் விட்டமும் 5 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தூணின் கன அளவு 0.35 கன மீட்டர். முழுவதும் ஊறியிருந்தால் அதில் 3 கிலோ ஆர்சனிக். வைரம் பாய்ந்த உள்மரம் மருந்தை அவ்வளவாக உறிஞ்சாது. பாதி என்று வைத்தாலும் ஒன்றரைக் கிலோ. இதில் பெரும்பகுதி மரத்திலேயே நிற்கும். புதுத் தூணிலிருந்து முதல் சில மாதங்களில் கசிவு வேகமாக இருந்து, பிறகு மெதுவாகும். தாக்கம் பொதுவாகத் தூணிலிருந்து சில மீட்டருக்குள் அடங்கும். கெடுதல் பெரிதாவது மரத்தை எரிக்கும்போது. புயலுக்குப் பின் ஒதுங்கிய மரத்தைக் கடற்கரையில் குவித்துக் கொளுத்தினால் சாம்பலில் ஆர்சனிக் பன்மடங்கு செறிந்து, தண்ணீரில் எளிதில் கரையும் நிலைக்கும் வந்துவிடும். பச்சை சாயல் மங்கிப்போன பழைய மரத்தைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியாது. சந்தேகம் இருந்தால் எரிக்கவே கூடாது. விறகுக்கும் வேண்டாம், உரக்குழிக்கும் வேண்டாம்.

சுரங்கங்களில் இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். ஜப்பானின் கியூஷு தீவில் டோரோகு சுரங்கம் 1920 முதல் இடைவெளிகளோடு 1962 வரை வெள்ளைப் பாஷாணம் என்னும் ஆர்சனிக் டிரையாக்சைடைத் தயாரித்தது. தாதுவை வறுக்கும் உலைகளின் புகை பள்ளத்தாக்கின் வீடுகளிலும் வயல்களிலும் படிந்தது. அங்கே வாழ்ந்தவர்களின் நோய் 1970-களில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. கோர்சிகா தீவில் மாத்ரா சுரங்கம் மனோசிலை என்னும் ரியால்கர் தாதுவை எடுத்தது. அதன் கழிவுமேடுகளைத் தொட்டு ஓடும் பிரேசா ஓடை, பிராவோனா ஆற்றில் கலந்து கடலுக்குப் போகிறது. சுரங்கம் மூடிப் பல பத்தாண்டுகள் ஆகியும் ஆற்று வண்டலில் ஆர்சனிக் தொடர்கிறது. ஆலைகளையும் சுரங்கங்களையும் விடக் கொடிய மூலம் போர். ஜப்பானின் ஓகுனோஷிமா தீவில் 1929 முதல் 1945 வரை விஷவாயு ஆலை இருந்தது; ஆர்சனிக் கொண்ட லூயிசைட்டும் அங்கே தயாரானது. டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவுக்குக் கிழக்கே பால்டிக் கடலில், இரண்டாம் உலகப்போருக்குப் பின் வேதி ஆயுதங்களை மூழ்கடித்தார்கள். அவற்றிலும் ஆர்சனிக் சேர்மங்கள் இருந்தன.

2011 முதல் கரீபியன் தீவுகளில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி மலைமலையாக ஒதுங்குகிறது. பழுப்புப் பாசிகள் கடல்நீரிலிருந்து ஆர்சனிக்கை உறிஞ்சிச் சேர்ப்பவை. உலர் எடையில் கிலோவுக்குச் சில பத்து முதல் நூறு மி.கி.க்கு மேல்வரை அதில் அளந்திருக்கிறார்கள். 100 டன் ஈரப் பாசியில் தண்ணீர் போக 12 டன் மிஞ்சும் என்றும், கிலோவுக்கு 80 மி.கி. என்றும் வைத்தால், மொத்தம் ஒரு கிலோவை நெருங்கும். கடலில் பரவிக் கிடந்த அந்த ஒரு கிலோவை ஒரே குழியில், அதுவும் நுண்துளைச் சுண்ணாம்புப் பாறையின் மேல், கொட்டினால் கசிவு நேரே நன்னீர்ப் படலத்துக்குப் போகும். காய்கறிப் பாத்திக்கு உரமாகப் போடுவதற்கு முன் சோதித்தே ஆக வேண்டும்.

கைரேகை பார்ப்பது

ஆர்சனிக் எங்கும் தனியாக வராது. கூட வரும் தனிமங்களே அதன் ஊரைச் சொல்லும். ஆன்டிமனி, பாதரசம், தாலியம் கூட இருந்தால் எரிமலை வெந்நீரோ, அப்படி உருவான தங்கத் தாதுவோ. செம்பும் குரோமியமும் இருந்தால் மருந்தேற்றிய மரம். சி வகையில் குரோமியம், செம்பு, ஆர்சனிக்கின் எடை விகிதம் ஏறத்தாழ 25:15:22. ஆனால் மூன்றும் ஒரே வேகத்தில் கசிவதில்லை என்பதால் மண்ணில் அதே விகிதம் கிடைக்காது, சாயல்தான் கிடைக்கும். ஈயம் ஆர்சனிக்கைப்போல் 2.8 மடங்கு இருந்தால் பழத்தோட்டங்களில் தெளித்த ஈய ஆர்சனேட்டைச் சந்தேகிக்கலாம். களைக்கொல்லியாகத் தெளித்த சோடியம் ஆர்சனைட் மட்டும் துணையில்லாமல் நிற்கும். அங்கே பழைய வரைபடம்தான் சாட்சி.

இரும்போடு ஒப்பிடுவதும் உதவும். ஒவ்வொரு மாதிரியிலும் ஆர்சனிக்கை இரும்புக்கு எதிராகப் புள்ளி வைத்துப் பாருங்கள். இயற்கையானவை ஒரு கோட்டை ஒட்டி வரும். வெளியிலிருந்து வந்தவை அந்தக் கோட்டுக்கு மேலே துள்ளி நிற்கும். வெந்நீர் ஊற்றுப் பகுதிகளுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது, ஏனென்றால் அங்கே இரண்டும் சேர்ந்தே ஏறும்.

ஆழ வரிசையும் பேசும். பாறையிலிருந்து வந்தால் கீழே போனாலும் அளவு குறையாது; மேலிருந்து விழுந்தது என்றால் முதல் அரை மீட்டரில் வேகமாகக் குறையும். வண்டலில் குழாய் இறக்கி எடுத்த நெடுக்கு மாதிரிக்கு வயது காண, 22 ஆண்டு அரைவாழ்வு கொண்ட ஈயம்-210 கடந்த நூறாண்டுக்குக் கைகொடுக்கும். அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 உச்சம் 1963-ஐக் குறிக்கும். அடுக்குகள் கலையாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஹிலோவை 1946-இலும் 1960-இலும் சுனாமி தாக்கியது; அப்படிப்பட்ட விரிகுடாவில் ஒரே குழாயை நம்புவது தவறு.

மாதிரி எடுக்கும்போது 0–5, 5–15, 30–45 சென்டிமீட்டர் எனத் தனித்தனியாக எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் கலந்தால் ஆழச் செய்தி அழிந்துபோகும். பாதிப்பில்லாத, அதே பாறை வகை கொண்ட இடத்திலிருந்தும் குறைந்தது சில மாதிரிகள் வேண்டும். மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையிலும், வண்டலை 63 மைக்ரான் சல்லடையிலும் சலிப்பது வழக்கம். மணல் அதிகமான இடத்தையும் சேறு அதிகமான இடத்தையும் சலிக்காமல் ஒப்பிட்டால் துகள் அளவின் வேறுபாடு மாசுபாட்டைப்போலத் தோன்றிவிடும். ஆர்சனைட், ஆர்சனேட் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் வண்டல் துகள்களுக்கு இடையே இருக்கும் இடுக்கு நீரை நைட்ரஜன் சூழலில் பிரிக்க வேண்டும். காற்றுப் பட்ட சில நிமிடங்களிலேயே இரும்பு துருவாகி, ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு படியத் தொடங்கிவிடும்.

ஆய்வகத்திலும் தீவு மாதிரிகளுக்கென்று சில பொறிகள் உண்டு. அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் ஆர்சனிக்கை நிறை 75-இல் எண்ணுவார்கள். கடல் உப்பின் குளோரின், கருவியில் ஓடும் ஆர்கானோடு சேர்ந்து அதே 75-இல் போலிக் கணக்குக் காட்டும். ஹீலியம் வாயுவோடு மோதவிட்டுப் போலியை வடிகட்டும் மோதல் அறை வைத்து அதை விலக்கினார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் ஆர்சனிக்கின் முதன்மைக் கோடும் ஈயத்தின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஈயம் மிகுந்த மண்ணில் அந்தக் கருவியின் ஆர்சனிக் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. திறந்த பாத்திரத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்க வைத்தால் ஆர்சனிக் ஆவியாகித் தப்பி, எண் குறைந்து வரும்.

மொத்த அளவோடு, வயிற்று அமிலத்தைப் போன்ற கரைசலில் எவ்வளவு கரைகிறது என்ற சோதனையையும் கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் விளையாடும் மண் என்றால் இது கட்டாயம். ஹவாயில் வீட்டு மனைகளுக்கு இந்தக் கரையும் பங்கை வைத்தே முடிவெடுக்கிறார்கள். எரிமலைச் செம்மண்ணில் அது பெரும்பாலும் மொத்தத்தின் சிறு பங்காகவே இருக்கும். மருந்துக் கூடத்து மண்ணில் அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நல்லது செய்யப்போய்க் கெடுவது

ஈயம் கலந்த மண்ணுக்குப் பாஸ்பேட் போட்டால் ஈயம் அடங்கும். ஆர்சனிக்கும் சேர்ந்திருக்கும் மண்ணில் அதைச் செய்தால், பாஸ்பேட் இரும்பின் மேல் ஆர்சனிக் உட்கார்ந்திருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அதைக் கரைசலுக்குள் தள்ளிவிடும். சுண்ணாம்பை அள்ளிப் போட்டுப் பி.எச்.சை உயர்த்தினாலும் பிடி தளரும். செம்மண் மேட்டை வெட்டிக் குளமாக்கி நீரைத் தேக்கினால் ஆக்சிஜன் தீர்ந்து இரும்பு கரையும். பெரும்பாலான மேட்டுநில மண்ணுக்கு நல்லது இரும்பு சேர்ப்பதும், நீர் வடியவிடுவதும், மேலே சுத்தமான மண்ணும் புல்லும் போர்த்துவதும்தான்.

துறைமுகத்தை ஆழப்படுத்த வண்டலை அள்ளும்போது இன்னும் கவனம் தேவை. ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த கறுப்பு வண்டலைக் கரையில் பரப்பினால், உள்ளிருந்த பைரைட் சில வாரங்களில் அமிலமாகத் தொடங்கும். பூட்டியிருந்த ஆர்சனிக் வெளிவரும். அள்ளுவதற்கு முன்பே பைரைட்டின் அளவையும், அமிலத்தை ஈடுகட்டும் சுண்ணாம்பு வண்டலிலேயே இருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். பவளமணல் கலந்த வண்டலில் அது பெரும்பாலும் இருக்கும்; எரிமலைத் தீவின் கருமணலில் இருக்காது. ஈடுகட்டச் சுண்ணாம்பு போதாத வண்டலைக் கரையேற்றித்தான் ஆக வேண்டும் என்றால், நீர் புகாத தளத்தில் கொட்டி, வடியும் நீரைக் கடலுக்குள் விடாமல் பிடித்து, இரும்பு உப்பு சேர்த்துப் படியவைத்த பிறகே வெளியேற்ற வேண்டும்.